மிளகைத் தேடிப் போனவன்

(ஆயக்குடியில் கொய்யாத் தோட்டத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடிந்தால் சந்தைக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள். இருட்டோடு எழுந்து கொய்யா பறிக்கப் போகிறவர்களை ராத்திரியில் உட்கார வைத்து உலக சரித்திரம் பேசுவது நியாயமில்லைதான். ஆனாலும் பேச வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் ஒரு பையன்.

சென்ற தடவை இங்கே வந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். “ஐயா, ஐரோப்பாக்காரர்கள் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது தெரியாத தேசத்தைப் பார்க்கும் ஆசையிலா, மதம் பரப்பவா, பணத்துக்கா? வாத்தியார் மூன்றையும் எழுதச் சொல்கிறார். நீங்கள் பணம் ஒன்றுதான் என்பீர்கள். எதை எழுதினால் மார்க் கிடைக்கும்?” என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் என்ன பதில் சொல்லுவோம் என்று கேட்பதற்கு முன்பே ஒரு பையனுக்குத் தெரிகிறது என்றால், நாம் யோசித்துப் பேசுவதில்லை என்றுதானே அர்த்தம்? அவனுக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கேள்வி ஆயக்குடிக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்காதீர்கள். இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கொய்யா இந்த மண்ணில் பிறந்ததல்ல. அது அமெரிக்காக் கண்டத்து மரம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் தக்காளி, பழனி வட்டாரத்தில் விளையும் மக்காச்சோளம், மலைக்கு மேலே கொடைக்கானலில் போடும் உருளைக்கிழங்கு, திண்டுக்கல் சுருட்டின் புகையிலை, கடலை, பப்பாளி, முந்திரி எல்லாமே அங்கிருந்து வந்தவை. 500 வருஷங்களுக்கு முன்பு இந்த மலையடிவாரத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மிளகாய் கிடையாது! நம் பாட்டன்மார் குழம்பில் காரம் என்றால் மிளகுதான்.

அந்த மிளகிலிருந்தே தொடங்குவோம்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

மிளகு மலபாரிலிருந்து அரபு வியாபாரிகள் கை மாறி, எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகம் போய், அங்கே வெனிஸ் நகரத்து வியாபாரிகள் வாங்கி, ஐரோப்பா முழுக்க விற்றார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம். நம் கொய்யாப் பெட்டி இந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது, அதே பழம் பட்டணத்துக் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதே கணக்குத்தான். இடையில் நிற்கும் கைகளைத் தாண்டிவிட்டால் அந்த லாபம் முழுவதும் நமக்கே என்று போர்ச்சுக்கல் ராஜாவும் ஸ்பெயின் ராணியும் கணக்குப் போட்டார்கள். போர்ச்சுக்கல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வர முயன்றது. கொலம்பஸ் என்ற ஜெனோவா நகரத்து மாலுமி, உலகம் உருண்டைதானே, மேற்கே போனாலும் கிழக்கே போய்ச் சேரலாம் என்றான். உலகத்தின் சுற்றளவை அவன் மிகக் குறைத்துப் போட்டிருந்தான். ராஜசபைப் பண்டிதர்கள் அது தப்பு என்று சொன்னார்கள்; அவர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் ஒரு கண்டம் குறுக்கிட்டதால் கொலம்பஸ் பிழைத்தான்.

அவன் மனதில் என்ன இருந்தது என்று மனதுக்குள் நுழைந்து பார்க்க நம்மால் முடியாது. ஆனால் அவன் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. 1492 ஏப்ரல் 17ந் தேதி, சாந்தா ஃபே என்ற இடத்தில், ஸ்பெயினின் ராஜா ராணியோடு செய்துகொண்டது. கண்டுபிடிக்கும் நாடுகளில் அவன் கடற்படைத் தலைவன், கவர்னர். அங்கே கிடைக்கும் முத்து, இரத்தினம், பொன், வெள்ளி, வாசனைத் திரவியம் எல்லாவற்றிலும் செலவு போக பத்தில் ஒரு பங்கு அவனுக்கு. இவ்வளவும் கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தானது.

பணம் யார் போட்டது? ராணி நகையை அடகு வைத்தாள் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கதை. பெரும்பகுதிப் பணத்தைப் புரட்டிக் கொடுத்தது லூயிஸ் தெ சாந்தாங்கெல் என்ற அரண்மனை நிதி அதிகாரி. கொலம்பஸ் தன் பங்கை இத்தாலிய லேவாதேவிக்காரர்களிடமும் சிநேகிதர்களிடமும் புரட்டினான். பாலோஸ் என்ற துறைமுக ஊர் அரசாங்கத்துக்குத் தண்டனை பாக்கி வைத்திருந்தது; அதற்கு ஈடாக இரண்டு கப்பல்களை ஊர்க்காரர்களே கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆக, நிதி அதிகாரி கொடுத்தது கடன், ஊர் கொடுத்தது அபராதம், பட்டம் மட்டும் கொலம்பஸுக்கு.

இன்னொன்றையும் கேளுங்கள். முதலில் நிலத்தைக் காணும் மாலுமிக்கு வருஷம் 10,000 மராவெதி பென்ஷன் என்று ராஜா ராணி அறிவித்திருந்தார்கள். மாலுமியின் மாதச் சம்பளம் சுமார் 1,000 மராவெதி. 1492 அக்டோபர் 12ந் தேதி, இரவு இரண்டு மணி சுமாருக்கு, பிந்தா என்ற கப்பலின் உச்சியில் காவலிருந்த ரொட்ரிகோ என்ற மாலுமி நிலம் தெரிகிறது என்று கூவினான். பென்ஷன் யாருக்குப் போயிற்று? கொலம்பஸுக்கு! முன்தினம் ராத்திரியே தான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டதாக அவன் சொன்னான். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

சலங்கை மணி அளவு பொன்

அப்படியானால் மதம்? அது வெறும் வேஷமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதே 1492 ஜனவரியில்தான் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரானடா விழுந்தது. அதே வருஷம் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். வருகிற பொன்னைக் கொண்டு ஜெருசலேமை மீட்க வேண்டும் என்று கொலம்பஸ் எழுதி வைத்திருக்கிறான். அதை அவன் உண்மையாகவே நம்பினான் என்றுதான் தோன்றுகிறது. பையன் இதைத் தாராளமாக எழுதலாம். ஆனால் அந்தப் பக்திக்கும் முதலில் தேவைப்பட்டது எது? பொன்.

நம்பிக்கையும் பணமும் தீவில் இறங்கிய பிறகு என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். ஹிஸ்பானியோலா என்ற பெரிய தீவில் தாயினோ என்ற ஜனங்கள் இருந்தார்கள். மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிர் செய்தவர்கள். கொலம்பஸ் ஊருக்குத் திரும்பி, வேண்டிய அளவு பொன் தருகிறேன், பருத்தி தருகிறேன், அடிமைகளைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். இரண்டாம் தடவை 17 கப்பல்களில் 1,200க்கு மேற்பட்டவர்களோடு வந்தான். வாக்குக் கொடுத்த அளவுக்குப் பொன் இல்லை. பணம் போட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே! 1495ல் சுமார் 500 தாயினோக்களைப் பிடித்துக் கப்பலேற்றினான். வழியிலேயே ஏறக்குறைய 200 பேர் செத்துப்போனார்கள். பொன் இருந்த பகுதியில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சலங்கை மணி நிறையப் பொன்பொடி கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு போட்டான். வேட்டைக்குப் பழக்கும் வல்லூறின் காலில் கட்டுகிற சின்ன மணி அது. பொன் கொடுத்தவன் கழுத்தில் ரசீதாக ஒரு பித்தளை வில்லை. வில்லை இல்லாதவன் பிடிபட்டால் தண்டனை.

இங்கேதான் நம் பையன் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். பொன் தானாக ஆற்றிலிருந்து எழுந்து நடந்து வராது. குனிந்து மணலை அரிக்க ஆள் வேண்டும். செல்வம் தேடிப் போனவர்கள் கண்ட செல்வம் பொன்னல்ல, மற்றவனுடைய உழைப்பு. அதைச் சட்டமாக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். எங்கோமியெந்தா என்று பெயர். ஸ்பெயின்காரன் ஒருவனிடம் சில ஊர்களின் ஜனங்களை ஒப்படைப்பது. அவன் அவர்களுக்கு மதம் கற்பிக்க வேண்டும். பதிலுக்கு அவர்களுடைய வேலையும் வரியும் அவனுக்கு. ஆயக்குடிக்காரர்களுக்கு ஜமீன் தெரியும். பாளையமாக இருந்து ஜமீனான ஊர் இது. ஜமீனில் நிலத்தைக் காட்டி வரி கேட்பார்கள். எங்கோமியெந்தாவில் நிலம்கூட இல்லை, ஆளையே கணக்கெழுதிக் கொடுத்துவிடுவது! மதமும் பணமும் தனித்தனி என்று வாத்தியார் சொல்கிறாரே, இந்த ஒரே பத்திரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

1513க்குப் பிறகு இன்னொரு கூத்து நடந்தது. ஒரு நாட்டைத் தாக்கும் முன் ஓர் அறிக்கையை உரக்கப் படிக்க வேண்டும். போப்பாண்டவர் இந்த நாட்டை எங்கள் ராஜாவுக்குக் கொடுத்திருக்கிறார், பணியுங்கள், பணியாவிட்டால் நடப்பதற்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். கேட்பவர்களுக்கு ஸ்பானிஷ் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. சில சமயம் ஆளே இல்லாத ஊரில், மரங்களுக்கு நேரே படித்துவிட்டுச் சண்டையைத் தொடங்கினார்கள்.

இதை எதிர்த்தவரும் பாதிரியார்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பர்தொலொமே தெ லாஸ் காசாஸ். அவரே எங்கோமியெந்தா வைத்திருந்து, மனம் கேளாமல் 1514ல் அதை விட்டவர். நேரில் கண்ட கொடுமைகளையெல்லாம் எழுதி 1552ல் புத்தகமாக வெளியிட்டார். தாயினோக்களைக் கொன்றதில் பெரும்பங்கு வாளுக்கு மட்டுமல்ல, நோய்க்கும் உண்டு. 1518ல் வந்த பெரியம்மை அவர்கள் உடம்புக்குப் பழக்கமில்லாத நோய். ஆனால் பட்டினியும் சுரங்க வேலையும் முறித்துப்போட்ட உடம்பில்தான் அந்த நோய் புகுந்தது.

ஹிஸ்பானியோலாவில் செய்து பழகியதை அடுத்து வந்தவர்கள் பெரிதாகச் செய்தார்கள். 1521ல் மெக்சிகோவின் தலைநகரைக் கோர்தெஸ் பிடித்தான். 1532ல் பெருவின் ராஜா அதஹுவால்பாவைப் பிசாரோ சிறை வைத்தான். ஒரு பெரிய அறை நிறையப் பொன்னும் இரண்டு தடவை வெள்ளியும் தருகிறேன், விட்டுவிடு என்றான் அதஹுவால்பா. சொன்னபடி வந்தது. உருக்கியபோது பொன் மட்டும் ஏறக்குறைய 6 டன். ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் ராஜாவுக்கு. பாக்கி சிப்பாய்களுக்கு. அதஹுவால்பாவுக்கு? 1533ல் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

1545ல் இன்றைய பொலிவியாவில் பொத்தோசி என்ற வெள்ளி மலை கிடைத்தது. 1570களில் வைசிராய் தொலேதோ ஒரு சட்டம் போட்டான். சுற்றுப்புற மாகாணங்களில் ஆண்களில் ஏழு பேருக்கு ஒருவர், முறை வைத்து, சுரங்கத்துக்கு வர வேண்டும். வருஷத்துக்கு 13,000 பேர். முறை வந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாரக்கணக்கில் நடந்து போவான். திரும்பி வருவது நிச்சயமில்லை. அந்த வெள்ளி எங்கே போயிற்று என்று கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். அதில் ஒரு பங்கு நம் சோழமண்டலக் கரைக்கு வந்தது! ஐரோப்பாவில் செய்த சாமான் எதுவும் நமக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. நம் நெசவாளியின் துணி அவர்களுக்கு வேண்டியிருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரனும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரனும், சென்னையில் இங்கிலீஷ்காரனும் வெள்ளியைக் கொட்டித்தான் துணி வாங்கினார்கள். அந்தத் துணியில் ஒரு பகுதி ஆப்பிரிக்காக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கப் போயிற்று. அப்படி வாங்கிய மனிதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். மொத்தத்தில் சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள் என்று இன்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நெசவாளிக்கு இது தெரியாது. சுரங்கத்துக்குப் போனவனுக்கு நெசவாளியைத் தெரியாது.

முத்துக் கரையில் என்ன நடந்தது?

இனி நம் பக்கம் வருவோம். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினான். இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, கிறிஸ்தவர்களையும் வாசனைத் திரவியத்தையும் தேடி வந்தோம் என்று அவன் ஆள் சொன்னதாகக் குறிப்பிருக்கிறது. அதே 1498 ஆகஸ்டில் கொலம்பஸ், மூன்றாம் பயணத்தில், இன்றைய வெனிசுவேலாக் கரையில் பெண்கள் கையில் முத்து வடம் கட்டியிருப்பதைப் பார்த்தான். ஒரே வருஷத்தில் ஒருவன் மிளகைத் தொட்டான், மற்றவன் முத்தைத் தொட்டான்.

முத்து இரண்டு இடத்திலும் இருந்தது. வெனிசுவேலாவில் குபாகுவா என்ற தண்ணீரில்லாத தீவில் ஸ்பெயின்காரர்கள் முத்துக்குளிப்பு நடத்தினார்கள். பஹாமாஸ் தீவுகளிலிருந்து நல்ல நீச்சல்காரர்களை அடிமையாகப் பிடித்து வந்து குளிக்க விட்டார்கள். சில பத்தாண்டுகளில் ஆளும் தீர்ந்தது, சிப்பியும் தீர்ந்தது. பஹாமாஸில் ஜனங்களே இல்லாமல் போனார்கள்.

நம் தூத்துக்குடிக் கரைக்கும் போர்த்துக்கீசியர் முத்துக்காகவே வந்தார்கள். இங்கே பரதவர்கள் தங்கள் எதிரிகளிடமிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள்; 1535 முதல் 1537க்குள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்களானார்கள்; முத்துக்குளிப்பில் ஒரு பங்கைப் போர்த்துக்கீசியர் வாங்கிக்கொண்டார்கள். 1658ல் டச்சுக்காரர் வந்து அந்தப் பங்கைப் பிடுங்கினார்கள். கொடுமை இல்லையா? இருந்தது. ஆனால் பரதவர் அழியவில்லை. இன்றும் அந்தக் கரையில் இருக்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? போர்த்துக்கீசியன் ஸ்பெயின்காரனைவிட நல்லவனா? இல்லை. கடலில் அவன் பீரங்கிக்குப் பலம் இருந்தது. கரையில் இறங்கினால் விஜயநகரமும் மதுரை நாயக்கரும் இருந்தார்கள். பெரியம்மை நமக்குப் பழைய நோய். அங்கே கிடைத்த பலம் அவனுக்கு இங்கே கிடைக்கவில்லை, ஆகவே வியாபாரியாக நின்றான். பையனே, இதைக் கவனி. கப்பலைக் கிளப்பியது செல்வ வேட்டைதான். ஆனால் கரையில் என்ன நடக்கும் என்பதை அந்த ஆசை மட்டும் தீர்மானிப்பதில்லை.

பலம் வந்தபோது இங்கேயும் வேஷம் மாறியது. வங்காளத்தில் 1757க்குப் பிறகு கம்பெனி வெள்ளி கொண்டுவருவது குறைந்தது. நம்மிடம் வசூலித்த வரியைக் கொண்டே நம் துணியை வாங்க ஆரம்பித்தான். 1792ல் திப்பு சுல்தான் தோற்றுச் செய்துகொண்ட உடன்படிக்கையில் இந்தத் திண்டுக்கல் சீமை கம்பெனிக்குப் போயிற்று. பாளையங்கள் மேல் வரி ஏறியது. பக்கத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் எதிர்த்து நின்றார், 1801ல் தூக்கிலிட்டார்கள்.

நம் ராஜாக்கள் மட்டும் யோக்கியமா என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. ராஜேந்திர சோழன் 1025ல் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பியது கோயில் தரிசனத்துக்கல்ல. கொண்டுவந்த பொருளைக் கல்வெட்டிலேயே பெருமையாக வெட்டி வைத்திருக்கிறான்.

வெறும் ஆர்வத்தில், பிழைப்புத் தேடி, யாரும் போகவில்லையா என்றால், போனார்கள். கொலம்பஸுக்குச் சுமார் 500 வருஷம் முன்பே கிரீன்லாந்திலிருந்து நார்ஸ் மாலுமிகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் வீடு கட்டினார்கள். அவர்கள் வெட்டிய மரத்தின் வளையங்களை ஆராய்ந்து அது 1021ம் வருஷம் என்று 2021ல் தேதியே சொல்லிவிட்டார்கள். கொஞ்ச காலம் இருந்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் லேவாதேவிக்காரனும் இல்லை, பங்கு கேட்கும் ராஜாவும் இல்லை. 1620ல் மேஃபிளவர் கப்பலில் போனவர்களில் பலர் தங்கள் மதத்தைத் தங்கள் இஷ்டப்படி அனுஷ்டிக்கப் போனவர்கள், உண்மை. அந்தக் கப்பலுக்குப் பணம் போட்டவர்கள் லண்டன் வியாபாரிகள். அந்தக் கடனைத் தீர்க்க அவர்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று; பெரும்பாலும் பீவர் என்ற பிராணியின் தோலை அனுப்பி அடைத்தார்கள். மதம் பயணியுடையது, கணக்குப் புத்தகம் வியாபாரியுடையது.

ஆகவே பையன் மூன்று காரணத்தையும் எழுதட்டும். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுத்து எழுதினால் அது பொய்யாகிவிடும். யார் பணம், யாருக்குப் பங்கு, யார் வேலை என்ற மூன்று கேள்விகளையும் அதே தாளில் எழுதட்டும். மார்க்குக்கு நான் ஜவாப்தாரியல்ல.

இன்னும் ஒன்று பாக்கி. கொலம்பஸ் கடைசி வரை மிளகைக் காணவில்லை. கண்டது மிளகாய். காரமாக இருந்ததால் அதற்கும் மிளகின் பேரையே வைத்தான். வேடிக்கை பாருங்கள், கப்பலில் இங்கே வந்து சேர்ந்தபோது நம் ஜனங்களும் அதையேதான் செய்தார்கள்: மிளகு போல உறைக்கும் காய், மிளகாய்! தென்னார்க்காடு பக்கம் வேர்க்கடலையை மணிலாக் கொட்டை என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வெள்ளியை ஏற்றிக்கொண்டு 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு ஸ்பெயின் கப்பல்கள் ஓடிய வழி அந்தப் பேரில் கிடக்கிறது.

ராஜாவின் ஐந்தில் ஒரு பங்குக் கணக்கில் பொன் உண்டு, வெள்ளி உண்டு, முத்து உண்டு. மக்காச்சோள விதைக்குக் கணக்கு இல்லை. மெக்சிகோவின் குடியானவர்கள் ஒரு காட்டுப் புல்லை ஏறக்குறைய 9,000 வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்துக் கதிராக்கினார்கள். உருளைக்கிழங்கை ஆண்டிஸ் மலைக் குடியானவர்கள் வளர்த்தார்கள். பொத்தோசி வெள்ளியில் ஸ்பெயின் ராஜ்யம் செழித்ததா? சண்டைக்குக் கடன் வாங்கி, வெள்ளி வந்துகொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்பத் திவாலானது. அந்த விதைகளோ பாதி உலகத்துக்குச் சோறு போடுகின்றன. அதற்காக ஒரு காசு அந்த ஜனங்களுக்குப் போகவில்லை. விளைவித்தவனுக்கு விலை இல்லை என்பது உங்களுக்குப் புதிதல்ல. கொய்யா வரத்து அதிகமாகும் மாதத்தில் பறிகூலிகூடக் கட்டாமல் பழம் மரத்திலேயே பழுத்து விழுவதைப் பார்த்தவர்கள் நீங்கள்.

(பேச்சு முடிந்தபின் சிலர் கேள்வி கேட்டார்கள். ஒரு மூதாட்டி கேட்டதையும் அதற்குச் சொன்ன பதிலையும் மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.)

“ஏனப்பா, கொய்யாவை அங்கே வச்சிருந்த அந்தச் சனம் ஒருத்தர்கூடப் பொழைக்கலையா?”

“பிழைத்திருக்கிறார்கள் அம்மா. தாயினோ என்ற இனமே பூண்டோடு போய்விட்டது என்றுதான் ரொம்ப நாளாகப் புத்தகத்தில் எழுதி வந்தார்கள். 2018ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. பஹாமாஸ் தீவு ஒன்றில், குகையில், 1,000 வருஷத்துக்கு முந்திய ஒரு பெண்ணின் பல் கிடைத்தது. அதை எடுத்துச் சோதித்துப் பார்த்ததில், இன்றைக்கு புவேர்த்தோ ரிக்கோவில் இருக்கிற ஜனங்களின் இரத்தத்தில் அந்த வம்சம் ஓடுகிறது என்று தெரிந்தது. நாங்கள் தாயினோக்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்தும் சில சொற்கள் தப்பி வந்திருக்கின்றன. நம் ஊரில் சிலர், கொய்ய மனம் வராத பழம், அதனால்தான் கொய்யா என்று வேடிக்கையாகச் சொல்லுவார்கள். அது அப்படியல்ல. அந்தத் தீவு ஜனங்கள் குவயாபா என்றார்கள். போர்த்துக்கீசியன் வாயில் அது கொய்யாபா ஆயிற்று. நாளைக் காலையில் சந்தையில் நீங்கள் கூவி விற்கப் போவது அவர்கள் சொல்லைத்தான்.”